சந்தனம் பூசிய ஐந்தாவது ஹார்ட் டிஸ்க்

என் அருமை மச்சான் தேவா,

போன இடத்திலும் "வெளிச்சம் பத்தல, அந்த லைட்ட கொஞ்சம் தூக்கு" என்று யாரையாவது விரட்டிக்கொண்டிருப்பாய். அதைச் சற்று நிறுத்து. உனக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். என் லோரி ஸ்டியரிங்கின் மேல், என் வீட்டுக்காரி வைக்கும் நண்டுக் குழம்பின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இந்தக் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. யாராவது நம்பிவிட்டால் இத்தனை வருடம் நான் கட்டிக்காத்த பெயர் என்னாவது?

ஞாயிற்றுக்கிழமை காலை. புக்கிட் ரோத்தானில், உன் வீட்டு முன்னறையில், உன் கணினிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன் என்பதே சரி. திரையில் ஒரு பச்சைக் கோடு, முழு லோடு ஏற்றிய லோரி மேட்டில் முக்குவதுபோல முக்கிக்கொண்டு நகர்கிறது. உன் மகள் கயல்விழி கட்டளை போட்டுவிட்டு, பூக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

"மாமா, இது காப்பியாகி முடியிற வரைக்கும் எதையும் தொடாதீங்க. மேசைய ஆட்டாதீங்க. சும்மா சும்மா எந்திரிச்சு நடக்காதீங்க."

"அப்ப நான் என்னதாம்மா பண்றது?"

"எதாச்சும் எழுதுங்க. நீங்க வாய மூடிக்கிட்டு செய்யக்கூடிய வேல அது ஒண்ணுதான்."

அதனால்தான் இந்தக் கடிதம். முப்பது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஓட்டியவன், ஒரு பச்சைக் கோட்டுக்குக் காவல் இருக்கிறேன். கால் இரண்டும் கீழே தாளம் போடுகின்றன. 'மீதி இருபது நிமிடம்' என்று காட்டியது. ஒரு மடக்கு தேநீர் குடித்துவிட்டுப் பார்த்தால் 'மீதி மூன்று மணி நேரம்' என்கிறது. என்னைவிடப் பெரிய புளுகன் ஒருவனை இப்போதுதான் பார்க்கிறேன், மச்சான்.

செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் கயலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை புக்கிட் செந்தோசாக்காரர். தங்கமான பையன். என் கதைகளை இதுவரை மூன்று தடவை நம்பியிருக்கிறார், பாவம். நீ போய் எட்டு மாதம்தான் ஆகிறது, தள்ளி வைக்கலாமா என்று சாந்தி தயங்கினாள். என் தங்கைக்கு எதிலும் தயக்கம்தான், உன்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர. தேதி குறித்தவன் நீ. அதை மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

தாரை வார்த்துக் கொடுக்க நானும் என் வீட்டுக்காரியும் உன் இடத்தில் நிற்கவேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

அதற்குள் கயல் ஒன்று கேட்டாள். "மணவறைக்குப் பக்கத்துல அப்பா படம் வைக்கணும் மாமா. ஆனா அது வேணாம்."

'அது' என்றால், சுவரில் மாலைக்குள் இருக்கிறாயே, அந்தப் படம். அடையாளக் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. கோழி திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி முழிக்கிறாய். "இதுல அப்பாவே இல்ல மாமா. சிரிக்கிற மாதிரி ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போதும்."

"ஒண்ணு என்னம்மா, ஆயிரம் கொண்டாறேன்!" என்று நெஞ்சைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் உறைத்தது. இந்த வட்டாரத்தில் நீ வீடியோ எடுக்காத கல்யாணம் உண்டா, காதுகுத்து உண்டா? ஆனால் உன்னை எடுத்தவன் யார்? உன் சொந்தக் கல்யாண ஆல்பம் வெள்ளத்தோடு போயிற்று. கயல் கைப்பேசியைத் தூக்கினால், "குடு, நீ எடுத்தா கோணலா வரும்" என்று பிடுங்கிக்கொள்வாய். மீறி எடுத்தால் கையை நீட்டி மறைப்பாய். அவள் கைப்பேசியில் உன் உள்ளங்கை மட்டும் நாற்பது இருக்கிறது. ரேகை பார்க்கலாம், முகம் பார்க்க முடியாது.

மிச்சமிருந்தது உன் பிஸ்கட் டின்தான். ஐந்து ஹார்ட் டிஸ்க்குகள், பழைய டி-சட்டையில் சுற்றி. நீ எடுத்த எல்லாமும் அதில்தான். வெளியிலிருந்து இணைத்துப் பார்க்கும் உன் கருவி இடி விழுந்து கருகிவிட்டது. அந்த இடியைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதவேண்டும். தஞ்சோங் காராங் கடலில் மீன் வெந்து மிதந்தது. "இந்த அஞ்சையும் ஒரு நாள் பெட்டிக்கு உள்ளேயே மாட்டிடணும் மச்சான்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நாள்தான் வரவில்லை. அந்த நாளை நான் கொண்டுவந்தேன்.

கணினிக் கடை ரோஸ்லின் உனக்குத் தெரியும், நாக்கில் பிளேடு வைத்திருப்பவள். அவளிடம் கேபிள் வாங்கப் போனேன்.

"ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்துட்டு கழட்டுங்க அங்கிள். எதுக்கு அஞ்சும் ஒண்ணா?"

"எஸ்டேட்டுக்குள்ள போயி ஒரே ஒரு குலைய ஏத்திக்கிட்டு யாராச்சும் திரும்பி வருவாங்களாம்மா?"

"லோரியும் இதுவும் ஒண்ணா?"

ஒன்றுதான் மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றியதும் எனக்குப் புரிந்துவிட்டது. பாரத்தைச் சமமாக ஏற்றவேண்டும், ஆடாமல் கட்டவேண்டும், காற்று போக வழி விடவேண்டும், இழுக்க என்ஜினில் தெம்பு இருக்கவேண்டும். மதர்போர்டில் கேபிள் செருக ஆறு வாய். ஒன்றில் கணினியின் சொந்த டிஸ்க், இன்னொன்றில் யாரும் தொடாத டிவிடி பெட்டி. டிவிடியைப் பிடுங்கி எறிந்தேன். ஐந்து வாய் காலியாயிற்று. மின்சார வயர் போதவில்லை என்று இரண்டாகப் பிரியும் வயர் ஒன்றை ரோஸ்லின் கொடுத்தாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் டிஸ்க்கைத் தாக்காமல் இருக்க முதலில் இரும்பைத் தொடவேண்டும் என்றாள். என் உடம்பில் இருக்கும் மின்சாரத்துக்கு இரும்பு தாங்குமா? பெட்டியைத் தொட்டதும் தெரு விளக்கெல்லாம் ஒரு தடவை சிமிட்டியது.

நாலு டிஸ்க்குகள் அடுக்கில் போய் உட்கார்ந்தன. பக்கத்துக்கு இரண்டு ஸ்குரு. அதில் ஒன்று உள்ளே விழுந்து உருண்டு, பவர் சப்ளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "அதை விட்டுட்டு கரண்ட் போட்டா அம்புட்டுதான்" என்று நீ சொல்வது காதில் விழுந்தது. பெட்டியையே தலைகீழாகத் தூக்கி உலுக்கினேன். ஸ்குரு வந்தது, ஒரு பல்லி வந்தது, நீ தொலைத்த கருப்புப் பேனா வந்தது. ஐந்தாவதுக்கு அடுக்கில் இடமில்லை. டிவிடி இருந்த பொந்தில் நுழைத்தேன். அகலம் அதிகம், கடகடவென்று ஆடியது. என் வலது கால் சிலிப்பரை அறுத்து இரண்டு பக்கமும் ரப்பர் கொடுத்தேன். மலை மாதிரி நின்றது. ஆனால் கேபிள் மட்டும் முரண்டு பிடித்தது. இடுக்கில் ஏதோ வெளிர் மஞ்சளாகத் தெரிந்தது. பார்க்காத மாதிரி அழுத்திவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

இரு, கோட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முப்பத்தெட்டு விழுக்காடு. நகருகிறதா, நிற்கிறதா? கண்ணை எடுத்தால் நகருகிறது, பார்த்தால் நிற்கிறது.

சுவிட்சைப் போட்டேன். கேள் மச்சான், ஐந்து டிஸ்க்குகள் சேர்ந்து சுழன்ற வேகத்தில் உன் வீட்டுக் கூரைத் தகரம் மூன்று அங்குலம் எழும்பி உட்கார்ந்தது. உள்ளே விளக்குகள் மினுக்குவதைப் பார்த்து, சொந்தக்காரர்கள் என்று நினைத்து, கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகள் ஆற்றங்கரையை விட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டன. அங்கே படகில் போன வெள்ளைக்காரர்கள் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம்.

ஆனால் திரையில் நாலு டிஸ்க்தான் தெரிந்தது.

நாலு போதும் என்று தேட ஆரம்பித்தோம். மூன்று ஞாயிறு. சாந்தி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து வந்து எட்டிப் பார்ப்பாள். எத்தனை கல்யாணம்! எத்தனை பேர், எத்தனை பட்டு வேட்டி! நீ மட்டும் எங்கும் இல்லை. உன் குரல்தான் இருக்கிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும், தாலி கட்டும் நேரம் பார்த்து: "மணியம், தள்ளி நில்லு லா! மறைக்கிற!" படம் முழுக்க என் பின்னந்தலை. என் முடி கொட்டிய வரலாற்றை நாலு டிஸ்க்கில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறாய்.

"அப்பா எங்கயுமே இல்ல மாமா," என்றாள் கயல். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் இல்ல? நானே ஒங்கப்பன கேமராவுல புடிச்சிருக்கேன்."

"ஒங்கள கேமராவ தொடவே விட்டதில்லன்னு அப்பா சொல்வாரு."

சொல்வாய். அந்த எஸ்டேட் மண்டபத்துக் கல்யாணத்தை மறக்க முடியுமா? விடியற்காலையிலிருந்து நீ சாப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேமராவை என் கையில் திணித்தாய். "ஆஃப் பண்ணி வெச்சிக்க. பத்து நிமிஷத்துல சாப்ட்டு வந்துர்றேன்." சாயந்தரம் பெண்ணை வழியனுப்பும்போது, பெண்ணும் அம்மாவும் கட்டிக்கொண்டு அழும் அந்த நேரத்தில், பேட்டரி செத்துப்போயிற்று. பெண்ணின் அப்பா உன்னை நாலு பேர் முன்னால் திட்டினார். நீ தலை குனிந்து நின்றாய்.

"ஆஃப் பண்ணியா இல்லியா?" என்று என் சட்டையைப் பிடித்தாய்.

"பண்ணிட்டேன் லா. ஒன் பேட்டரி பழசு!"

"அதுல என்ன கருமாந்திரம் இருக்கோ, பாக்கக்கூட இல்ல. அழிச்சிட்டேன். இனிமே என் கேமராவ தொட்டே, கைய ஒடிப்பேன்."

அதற்குப் பிறகு தேநீர்க் கடையில், கோயில் வாசலில், உன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில்கூட அதே சண்டைதான். பேட்டரி பழசா, மணியம் மோசமா? கடைசிவரை தீர்ப்பு வரவில்லை.

தெரியாத ஐந்தாவதைக் கழற்றித் துண்டில் சுற்றி ரோஸ்லினிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், இது என்ன சாமியா? பொட்டு வெச்சிருக்கீங்க?"

"ஆயுத பூஜைம்மா. தொழில் சாமானுக்கு வெக்கிறதுதான."

"காத்து போற இந்த ஓட்டைய மூடக் கூடாதுன்னு கொட்ட எழுத்துல எழுதியிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியும்மா. நான் எங்க மூடினேன்? பொட்டுதான வெச்சேன். அந்த எடம் பொட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்திச்சி."

"கேபிள் போற வாய்க்குள்ள ஏன் சந்தனம் இருக்கு?"

டிஸ்க்கைச் சுற்றி வந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன் மச்சான்.

உனக்காவது சொல்லவேண்டும். போன ஆயுத பூஜைக்கு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். எல்லா வருடமும், "கேமராவுக்கு வை, முக்காலிக்கு வை, ஹார்ட் டிஸ்க்க மட்டும் தொடாத" என்று பக்கத்தில் நின்று விரட்டுவாய். அன்றைக்கு விரட்ட ஆளில்லை. எதையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒன்றை விட்டால்கூட நீ வீடு திரும்பமாட்டாய் என்று ஒரு பைத்தியக்காரப் பயம். டின்னைத் திறந்து ஐந்துக்கும் வைத்தேன். கடைசி டிஸ்க் வந்தபோது கிண்ணத்தில் நிறையச் சந்தனம் மிச்சம் இருந்தது. அவ்வளவையும் அதற்கே பூசிவிட்டேன்.

அப்படியும் நீ வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் டின்னை மூடி வைத்தேன். கேபிள் முரண்டு பிடித்தபோதே எனக்குத் தெரியும்.

ரோஸ்லின் மேசை விளக்கைக் கிட்டே இழுத்தாள். ஊசி மாதிரி ஒன்றால் சுரண்டினாள், ஸ்பிரிட்டால் துடைத்தாள், அழி ரப்பரைச் சின்னதாக வெட்டி கேபிள் வாயிலிருக்கும் பொன் நிறப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அரை மணி நேரம். நான் கடைக்கு வெளியே நடந்த நடையை நேராக நடந்திருந்தால் ரவாங் போய்ச் சேர்ந்திருப்பேன்.

"தெரியுது அங்கிள். ஆனா சத்தம் நல்லால்ல. எத்தன நாளைக்குன்னு சொல்லமாட்டேன். மாட்டின ஒடனே மத்த டிஸ்க்குக்கு மாத்திருங்க. பாத்துக்கிட்டு ஒக்காராதீங்க, மொதல்ல காப்பி."

இன்றைக்குக் காலையில் மாட்டினேன். இந்த முறை இடது கால் சிலிப்பர். ஐந்தும் தெரிந்தன. முதலில் காப்பி என்று சொன்னேன், கயல் கேட்கவில்லை. வரிசையாகக் கல்யாணங்கள், மாப்பிள்ளை பெண் பெயரோடு. அடியில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'மணியம் பண்ண நாசம்' என்று பெயர்.

அழித்துவிட்டேன் என்றாயே?

திறந்தாள். மண்டபத்தின் பின்புறம். பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில், கவிழ்த்த சோடாப் பெட்டி மேல் நீ. நாற்காலியில் இலை. எஸ்டேட்டுக்கே பஞ்சம் வரும் அளவுக்குச் சோறு. இதில் நான் மிகைப்படுத்தவில்லை. நிமிர்ந்து பார்க்கிறாய்.

"டேய், ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் லா. நீ தின்னு." அது என் குரல்.

வடை. இன்னொரு வடை. "இன்னும் ஒண்ணு தின்னே, பொண்ண எறக்கி விட்டுட்டு ஒன்னத்தான் காருல ஏத்தணும்," என்கிறேன். நீ சிரிக்கிறாய். வாய் நிறைய வடையோடு, தலையைப் பின்னால் சாய்த்து, கண் மூடி. அப்படி ஒரு சிரிப்பு.

சாந்தி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "மீசையில சோறு," என்றாள், உன்னிடம் சொல்வதுபோல. "தொடைங்க." பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் ஓடியது.

கயல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாமா, இதான். இந்தச் சிரிப்புதான்." மறுபடியும் ஓட்டினாள். "மாமா. கேமரா அப்பாகிட்ட போகுதே?"

"நான் ரெண்டு அடி நடந்திருப்பேம்மா."

"நீங்க நடக்கல. ஜூம்."

"காத்துல பட்டன் அமுங்கியிருக்கும்."

"அப்பா மொகத்துல வந்து கரெக்டா நிக்குதே? நல்ல காத்து மாமா," என்றாள். மேலே கேட்கவில்லை. உன் மகள்தான்.

அந்தப் பதினொரு நிமிட வீடியோதான் இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது, ஐந்தாவதிலிருந்து இரண்டாவதுக்கு. பார்த்தாகிவிட்டது, இன்னும் கைக்கு வரவில்லை. உள்ளே 'டிக்… டிக்…' என்று ஒரு சத்தம். அறுபத்தொன்றில் கோடு நின்றது. பெட்டியின் தலையில் கை வைத்தேன். தொடாதே என்றாள்தான், ஆனால் கை கேட்கவில்லை. சூடாக இருந்தது.

நீ எத்தனை தடவை பார்த்திருப்பாய்? வீடியோக்காரன் நீ, அந்த ஜூமைக் கவனிக்காமலா இருந்திருப்பாய்? கவனித்துவிட்டு, பெயர் வைத்து, பத்திரமாக மூடிவிட்டு, மறுநாள் தேநீர்க் கடையில் வந்து "ஆஃப் பண்ணியா இல்லியா?" என்று சண்டை போட்டாயா? அத்தனை வருடமும் யார் யாரை ஏமாற்றினோம், மச்சான்?

எழுபது.

வாசலில் கயலின் கார். "மாமா, எந்திரிச்சிங்களா?" என்று அங்கிருந்தே கத்துகிறாள். எண்பத்தெட்டு. நான் மூச்சுகூட விடவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூற்றாறு.

முடிந்தது. கோடு மறைந்துவிட்டது. இரண்டாவது டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். இருக்கிறாய். வடையோடு இருக்கிறாய். சாந்தியைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். ஐந்தாவது டிஸ்க் பக்கத்தில் இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறது. இனி அது இஷ்டம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த ஆயுத பூஜைக்குப் பெட்டியின் வெளியே ஒரே ஒரு பொட்டு, அதுவும் ரோஸ்லினைக் கேட்டுவிட்டு. கல்யாணத்தன்று தாரை வார்க்க உன் இடத்தில் நிற்பேன். ஆனால் உன் படத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் நிற்கமாட்டேன். யாரும் சொல்லாமல் நானே தள்ளி நிற்பேன்.

கூரை எழும்பியதையும் மின்மினி வந்ததையும் நம்பாதே. மீன் வெந்ததும் பொய்தான். வழக்கம்போல இந்தக் கடிதத்தில் பாதி புளுகு, மீதி அதற்கு முட்டுக் கொடுக்கும் புளுகு. ஒரு சின்ன இடம் மட்டும் உண்மை. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அன்று நான் பார்த்தேன். தெரிந்துதான் விட்டேன். நீ அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, அதனால் உன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தேன். பேட்டரி நல்ல பேட்டரி, மச்சான்.

உன் சாந்தியின் அண்ணன்,
உன் கயலின் தாய்மாமன்,
மணியம்